ஊர்ப்பழியும் குடிநோய்ச் சிகிச்சையும்: ஓர் எளிய விளக்கம்

குடியை விடுவதற்காக மருத்துவமனையில் சேர்ந்திருக்கும் ஒருவரைப் பற்றி அவருடைய வீட்டில் விசாரித்தால், "வெளியூர் வேலையாகப் போயிருக்கிறார், வர ஒரு மாதமாகும்" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். அதே மனிதர் மஞ்சள் காமாலைக்கோ இதய அறுவை சிகிச்சைக்கோ படுத்திருந்தால், ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு உறவினர்கள் முறைவைத்துப் பார்க்கப் போயிருப்பார்கள்; யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதுகூடப் பிறகு பேச்சாகியிருக்கும். குடிநோய்ப் பிரிவில் இருப்பவரைப் பார்க்க மனைவியும், சில சமயம் தாயும் மட்டுமே வருகிறார்கள். அவர்களும் பேருந்தை விட்டு இறங்கியதும் தெரிந்த முகம் எதுவும் தென்படுகிறதா என்று சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைகிறார்கள். நோய்க்கு மருந்து தேடிப் போவதையே மறைத்துச் செய்ய வேண்டிய காரியமாக ஆக்கிவிடும் இந்த நிலையைச் சமூகக் களங்கம் என்கிறார்கள். அது எப்படி உண்டாகிறது, குடிநோயில் ஏன் இவ்வளவு ஆழமாகப் படிகிறது, சிகிச்சைக்கு முன்வரும் ஒருவருக்குச் சுற்றியிருப்பவர்கள் எப்படித் துணை நிற்கலாம் என்பவற்றை இங்கே எளிமையாகச் சொல்ல முயல்கிறேன்.

களங்கத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'ஸ்டிக்மா' என்ற சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. அடிமைகளையும் குற்றவாளிகளையும் கண்டவுடன் மற்றவர்கள் விலகிக்கொள்ள வேண்டும் என்பதற்காக அவர்கள் உடலில் சுட்டோ கீறியோ இடப்பட்ட அடையாளத்தை அது குறித்தது. எர்விங் கோஃப்மன் என்ற சமூகவியலாளர் 1963-இல் அச்சொல்லை விரிவாக ஆராய்ந்து, ஒருவரிடம் உள்ள ஏதோ ஒன்றைக் காரணமாக்கி அவரை முழு மனிதராக மதிக்க மறுக்கும் சமூக வழக்கத்தை அதைக்கொண்டு விளக்கினார். தமிழில் இதற்கு மிக நெருங்கிய சொல் 'வடு' என்றே எனக்குத் தோன்றுகிறது. சூடுபட்ட தழும்பும் வடுதான், ஒருவர் மேல் படியும் பழியும் வடுதான்.

இந்த வடு ஒரே நாளில் விழுவதில்லை. புரூஸ் லிங்க், ஜோ ஃபெலன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2001-இல் அது படிப்படியாக உருவாகும் விதத்தை விளக்கினார்கள். முதலில் ஒரு வேறுபாட்டுக்குப் பெயர் வைக்கப்படுகிறது. நம் ஊரில் அந்தப் பெயர் 'குடிகாரன்'. அடுத்து அந்தப் பெயரோடு பொய் சொல்பவன், பொறுப்பற்றவன், கைசுத்தம் இல்லாதவன் என்ற குணங்கள் ஒட்டவைக்கப்படுகின்றன. பிறகு 'நாம்' வேறு, 'அந்த மாதிரி ஆட்கள்' வேறு என்ற கோடு விழுகிறது. கடைசியில் அந்த மனிதரின் மதிப்பு இறங்கி, வாடகைக்கு வீடு, வேலை, பிள்ளைகளுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் என்று ஒவ்வொன்றாக அவருக்கு மறுக்கப்படுகின்றன. அவர்கள் சேர்த்துச் சொன்ன இன்னொன்றையும் மறக்கக் கூடாது: முத்திரை குத்துபவரிடம் அதிகாரம் இருந்தால்தான் அது ஒட்டும். தினக்கூலிக்குப் போகிறவர் முதலாளியைக் குடிகாரர் என்று சொன்னால் முதலாளிக்கு ஒன்றும் ஆவதில்லை. முதலாளி தொழிலாளியைச் சொன்னால் மறுநாள் வேலை இருக்காது.

எல்லா நோயும் இப்படிப் பழி சுமப்பதில்லை. மனநோய்கள் பலவும் களங்கத்துக்கு உள்ளாகின்றன என்றாலும், அவற்றோடு ஒப்பிடும்போது குடிநோயாளிகளைத்தான் மக்கள் கூடுதலாகக் குற்றம் சாட்டுகிறார்கள், கூடுதலாக விலக்குகிறார்கள் என்று பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2011-இல் கியோர்க் ஷொமேரஸும் அவருடைய குழுவினரும் எழுதினார்கள். காரணம் வெளிப்படையானது. கிளாஸை எடுத்தது அவர் கை, வாயில் ஊற்றியதும் அவர் கை. ஆகவே இது நோயல்ல, நடத்தைக் கேடு என்று எண்ணுவது சுலபமாக இருக்கிறது. அந்த எண்ணத்துக்குப் பின்னால் உண்மையான வேதனைகளும் இருக்கின்றன. அடகுக்கடைக்குப் போன தாலியையும் இரவில் உடைந்த சாமான்களையும் பார்த்த குடும்பத்திடம் போய், "இது வெறும் நோய்தான்" என்று லேசாகச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் நோய் என்பது உண்மை.

எப்படி நோய் என்றால், பல ஆண்டுகள் தொடர்ந்து குடிக்கும்போது மதுவின் இருப்பையே இயல்பு நிலையாக மூளை ஏற்றுக்கொண்டு, அதற்கு ஏற்றபடி தன் இயக்கத்தை மாற்றியமைத்துக்கொள்கிறது. முன்பு ஒரு கட்டிங்கில் கிடைத்த போதைக்கு இப்போது ஒரு குவாட்டர் போதாமல் போகிறது. காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருக்கிறது, ஒரு வாய் குடித்தால்தான் நடுக்கம் நிற்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வகுத்த முறைப்படி, நினைத்ததைவிட அதிகம் குடிப்பது, குறைக்க முயன்று தோற்பது, வேலையும் வீடும் பாதிக்கப்பட்ட பிறகும் தொடர்வது என்பன போன்ற 11 அறிகுறிகளில் எத்தனை ஓராண்டுக்குள் தென்படுகின்றன என்று மருத்துவர்கள் பார்க்கிறார்கள். இரண்டோ மூன்றோ இருந்தால் லேசானது, நான்கோ ஐந்தோ இருந்தால் நடுத்தரமானது, ஆறும் அதற்கு மேலும் இருந்தால் கடுமையானது. குடிகாரன், குடிக்காதவன் என்று இரண்டே பெட்டியில் மனிதர்களை அடைக்கும் நம் பேச்சுவழக்குக்கு இந்தப் படிநிலை தெரியாது. அதனால் லேசான கட்டத்தில் இருப்பவர், "நான் என்ன அந்த அளவுக்கா போய்விட்டேன்?" என்று கேட்டுக்கொண்டே கடுமையான கட்டத்துக்குப் போய்ச் சேர்கிறார்.

பழிச்சொல் உயிருக்கே ஆபத்தாகும் இடம் ஒன்று உண்டு. "மன உறுதி இருந்தால் இன்றைக்கே நிறுத்திவிடலாம்" என்ற பேச்சுதான் அது. கடுமையாக அடிமைப்பட்ட ஒருவர், மாலை போட்டுக்கொண்டோ கோயிலில் கயிறு கட்டிக்கொண்டோ பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தோ ஒரே நாளில் நிறுத்தும்போது, சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2-ஆம் நாளுக்கும் 3-ஆம் நாளுக்கும் இடையில் நினைவு தடுமாறி, இல்லாத பூச்சிகள் உடம்பில் ஊர்வதுபோலத் தட்டிக்கொண்டு, யாரோ தன்னைத் தாக்க வருவதாக அலறும் நிலை வரலாம். உரிய சிகிச்சை இல்லையென்றால் இந்நிலையில் உயிரிழப்பும் நேரும். மருத்துவமனையில் இதற்கென மாத்திரைகள் கொடுத்து, அளவைப் படிப்படியாகக் குறைத்து, தயமின் என்ற பி1 வைட்டமினை ஊசியாகச் செலுத்தி, ஏறக்குறைய ஒரு வாரத்தில் இந்தக் கட்டத்தைக் கடத்திவிடுகிறார்கள். நேர்த்திக்கடனை நான் குறைத்துப் பேசவில்லை. அது பலருக்குப் பற்றுக்கோடாக இருந்திருக்கிறது. மாலை போடும் முன்பு மருத்துவரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள். அவ்வாறு பார்க்கப் போவது மனவலிமை இல்லாததன் அடையாளம் என்று ஊர் பேசுவதால்தான் பலர் வலிப்பு வந்த பிறகு, ஆம்புலன்ஸில் போகிறார்கள்.

எண்ணிக்கையில் பார்த்தால் இதன் அளவு விளங்கும். தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16-இல் நடத்தப்பட்ட தேசிய மனநலக் கணக்கெடுப்பில், குடிநோய் உள்ளவர்களில் சுமார் 86 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை என்று தெரியவந்தது. எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக நடத்தி 2019-இல் வெளியான கணக்கெடுப்பின்படி, நாட்டில் மதுவால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுபவர்கள் 5.7 கோடிக்கு மேல். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றிருந்தார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். மருத்துவமனை தொலைவில் இருப்பதும் பணம் இல்லாததும் மருத்துவர்கள் போதாமையும் இந்த இடைவெளிக்குக் காரணங்கள்தாம். ஆனால் கையெட்டும் தூரத்தில் அரசு மருத்துவமனை இருந்தும், அதன் மனநலப் பிரிவு வரிசையில் நின்றால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களே என்று பக்கத்து மாவட்டத்துக்கு பஸ் ஏறுகிறவர்களுக்கு என்ன காரணம் சொல்வது?

இங்கே நம் சமூகம் தன்னையே பார்த்துக்கொள்ள வேண்டிய முரண் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003 நவம்பர் முதல் மதுவின் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமான டாஸ்மாக் நடத்திவருகிறது. கல்யாணத்துக்கு முந்தைய இரவு, சாவு வீடு, தீபாவளி போனஸ், தேர்தல் நேரம் என்று எதற்கும் பாட்டில் திறக்கப்படுகிறது. வேண்டாம் என்பவரைக் கட்டாயப்படுத்துகிறார்கள். கடை வாசலில் நிற்பவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவரே ஒருநாள் மறுவாழ்வு மையத்தின் வாசலில் நின்றால் அது செய்தியாகிறது. அதாவது குடித்த காலமெல்லாம் மூடி மறைக்கப்பட்ட முத்திரை, அவர் உதவி கேட்ட நாளில் வெளிச்சத்துக்கு வந்து குத்தப்படுகிறது. இதுதான் என்னை மிகவும் வருத்துவது. அவர் வாழ்நாளில் எடுத்த மிக நல்ல முடிவுக்கு ஊர் கொடுக்கும் பரிசாக அது அமைந்துவிடுகிறது.

வெளியிலிருந்து வரும் இந்தப் பழி நாளடைவில் உள்ளேயும் குடியேறுகிறது. ஊர் சொல்வதை அவரே நம்பத் தொடங்கி, "நான் எதற்கும் லாயக்கில்லாதவன், எனக்கு எதற்கு வைத்தியம்?" என்ற இடத்துக்கு வந்துவிடுகிறார். பேட்ரிக் காரிகன் என்ற உளவியலாளர் பொதுக் களங்கம், சுய களங்கம் என்று இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார். மூன்றாவதாக, கூட இருப்பவர்கள் மேல் தெறிக்கும் பழியும் உண்டு: "அவள் சரியாக இருந்திருந்தால் அவன் ஏன் குடிக்கப் போகிறான்?" என்று மனைவியைப் பார்த்துக் கேட்பது. குடிக்கும் பெண்ணுக்கோ எல்லாப் பழியும் பலமடங்காகச் சேர்ந்து விழுகிறது. 2019 கணக்கெடுப்பில் மது அருந்துவோர் ஆண்களில் 27.3 விழுக்காடாகவும் பெண்களில் 1.6 விழுக்காடாகவும் இருந்தனர். எண்ணிக்கை குறைவு என்பதாலேயே அப்பெண்களுக்கென்று இடங்களும் குறைவு, வெளியே சொல்லும் துணிவும் குறைவு.

மறைத்துச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டை விரிவாகச் சொல்கிறேன். "அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடியை மறந்துவிடுவார்" என்ற விளம்பரங்களைச் சுவர்களிலும் பேருந்து நிலையங்களிலும் இன்று வாட்ஸ்அப்பிலும் எல்லோரும் பார்த்திருப்போம். மருத்துவர்கள் பயன்படுத்தும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரை உண்மையிலேயே இருக்கிறது. மது உடலில் சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் மேற்கொண்டு சிதையவிடாமல் அது தடுத்துவிடும். எனவே அந்த மாத்திரையை எடுத்தவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரியும். கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை இது நடக்கலாம். குடித்தால் என்ன ஆகும் என்று நன்றாக அறிந்து, சம்மதித்து, ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு எடுப்பவருக்கு அது ஒரு வேலி. தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கப்பட்டவருக்கு, வழக்கம்போல் அன்று மாலை குடிக்கும்போது அது உயிராபத்து. விளம்பரத்தில் வரும் பொடியில் என்ன இருக்கிறது என்பதோ யாருக்கும் தெரியாது. அந்தப் பொடியை வாங்கும் மனைவிமார்கள் கெட்டவர்கள் அல்லர். வெளிப்படையாக ஒரு மருத்துவரிடம் அழைத்துப்போக முடியாதபடி அவர்களைச் சுற்றி வெட்கத்தின் மதில் எழுப்பப்பட்டிருக்கிறது. பொடி விற்பவர்களுக்கு அந்த மதில்தான் மூலதனம்.

மறுபக்கம், ஊர் அறியச் சிகிச்சை நடந்தால் என்ன ஆகும் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. குடிநோய்க்குத் தன் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். 1992-இல் அவருக்கு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவருடைய குழுவினர் 1980-களின் இறுதியில் இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் உள்ள மஞ்சக்குடி கிராமத்தில், ஊராரோடு சேர்ந்து, தங்கிச் சிகிச்சை பெறும் 15 நாள் முகாம்களை நடத்தத் தொடங்கினார்கள். நோயாளி எங்கோ நகரத்துக்குப் போய் ஒளிந்திருந்து திரும்புவதற்குப் பதிலாக, எல்லோரும் பார்க்கும்படி அவருடைய மண்ணிலேயே சிகிச்சை நடந்தது. பழியைக் குறைக்க அறிவுரையைவிட நேரடிப் பழக்கமே அதிகம் உதவுகிறது என்று காரிகனின் ஆய்வுகளும் பிற்காலத்தில் காட்டின. குடியை விட்டு நான்கு ஆண்டுகளாக டிராக்டர் ஓட்டும் ஒருவரைத் தினமும் பார்க்கும் ஊரில், 'குடிகாரன் திருந்தவே மாட்டான்' என்ற பேச்சு எடுபடாது.

சொற்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஜான் கெல்லியும் கசாண்ட்ரா வெஸ்டர்ஹாஃபும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், மனநலத் துறையில் பணிபுரியும் 500-க்கும் மேற்பட்டவர்களிடம் ஒரே மனிதரின் கதையைக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குக் கொடுத்த தாளில் அவரைப் போதைப்பழக்கக்காரர் என்ற பொருளிலும், மற்றவர்களுக்குக் கொடுத்ததில் போதைநோய் உள்ளவர் என்ற பொருளிலும் குறித்திருந்தார்கள். முதல் தாளைப் படித்தவர்கள், தவறு அவருடையதே, தண்டனை போன்ற நடவடிக்கை தேவை என்ற பக்கம் அதிகம் சாய்ந்தார்கள். படித்துத் தேர்ந்தவர்களுக்கே ஒரு சொல் இவ்வளவு செய்கிறது. தமிழில் 'குடிகாரன்' என்பதில் உள்ள அந்த '-அன்' ஈறே மரியாதையைப் பறித்துவிடுகிறது. 'குடிநோயாளி' என்ற சொல் மரியாதையைத் திருப்பிக் கொடுக்கிறது. குடியை விட விரும்புவோர் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் ('பெயர் சொல்லாத குடிநோயாளிகள்') கூட்டங்களில், "நான் ஒரு குடிநோயாளி" என்று தம் வாயாலேயே சொல்லி உறுப்பினர்கள் பேசத் தொடங்குவது வழக்கம். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் 1935-இல் தொடங்கிய அந்த இயக்கம் தன் பெயரிலேயே பெயரின்மையை வைத்துக்கொண்டதற்கு ஊர்ப்பழியும் ஒரு காரணம். அவர்கள் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வது அவர்களுடைய உரிமை. அதே சொல்லை வைத்து நாம் அவரைத் தெருவில் கூப்பிட முடியாது.

இனி, துணை நிற்பது எப்படி என்பதற்கு வருவோம். "விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன்" என்று ஒருவர் சொல்லும் நேரம் மிகச் சிறியது. அந்த நேரத்தில் பழைய கணக்குகளை எடுப்பதும் சத்தியம் வாங்குவதும் அவரை மறுபடி உள்ளே தள்ளிவிடும். "சரி, எப்போது போகலாம்? நானும் வருகிறேன்" என்பது போதும். அரசின் இலவச எண்களான 14416-ஐயும் 14446-ஐயும் அழைத்தால் ஆலோசனை கிடைக்கும். தமிழ்நாட்டில் 104-ஐயும் அழைக்கலாம். தனியார் மையமாக இருந்தால், மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்யப்பட்டதா, மருத்துவர் உண்மையில் வருகிறாரா, குடும்பத்தினர் பார்க்க அனுமதி உண்டா என்று கேட்டறிய வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மதுவால் வரும் மனநலப் பாதிப்புகளையும் மனநோய் என்றே ஏற்கிறது. நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடைசெய்கிறது. அவருடைய நோய் விவரங்களை ரகசியமாகக் காக்கும் உரிமையைத் தருகிறது. அடித்துத் திருத்துவோம் என்று சொல்லும் இடத்தைச் சிகிச்சை மையம் என்று ஏற்றுக்கொள்ளவே கூடாது.

துணை நிற்பது என்றால் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வது என்று மனைவியரிடம் யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதிலும் எனக்கு உறுதி உண்டு. கடனை மறைப்பது, அவருக்காக அலுவலகத்தில் பொய் சொல்வது, அடியை வாங்கிக்கொண்டு இருப்பது ஆகியவை துணை ஆகா. நோயாளிக்கு மதிப்பு வேண்டும் என்பதற்கும் வீட்டில் உள்ளவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதற்கும் எந்த மோதலும் இல்லை. குடும்பத்தினருக்கென்றே 1951 முதல் அல்-அனான் என்ற அமைப்பு தனியாக இயங்கிவருகிறது.

மிகக் கடினமான காலம், திரும்பி வந்த பிறகு தொடங்குகிறது. ஒரு காதணி விழாவை எண்ணிப் பாருங்கள். வழக்கமாக மொய் நோட்டு எழுதுபவர், எழுத்தும் கணக்கும் சுத்தமாக இருப்பவர், ஒரு மாதச் சிகிச்சை முடிந்து வந்திருக்கிறார். அவர் மேசையை நெருங்கும்போது, "நீங்க உட்காருங்க மாமா, தம்பி பார்த்துக்குவான்" என்று சொல்லிப் பணப்பையை வேறொருவர் மடியில் வைக்கிறார்கள். ஒரு சித்தப்பா அருகில் வந்து தோளில் கைபோடுவதுபோல வாயை மோந்து பார்க்கிறார். பந்திக்குப் பிறகு மாடிக்கு அழைக்கும் கூட்டாளி, "இன்னிக்கு ஒரு நாள் மட்டும்" என்கிறார். மூவரும் அவருக்குக் கெடுதல் நினைத்தவர்கள் அல்லர். ஆனால் அந்த ஒரே பிற்பகலில் அவரிடம் எஞ்சியிருந்த பற்றுக்கோடுகள் மூன்றும் கழன்றுவிட்டன. பேனாவை அவர் கையில் கொடுத்து, பணத்தை எண்ண இன்னொருவரை அருகில் உட்காரவைத்திருக்கலாம். நம்பிக்கையைத் திருப்பித் தருவதற்கு அப்படிச் சிறிய படிகள் உண்டு.

சிகிச்சைக்குப் பிறகும் சிலர் சறுக்குவார்கள். போதைநோய்களில் 40 முதல் 60 விழுக்காட்டினருக்கு அது நேர்கிறது. உயர் ரத்த அழுத்தத்திலும் ஆஸ்துமாவிலும் நோய் திரும்புவதும் ஏறக்குறைய அந்த அளவுதான். பிரஷர் மாத்திரையை நிறுத்தி மயங்கி விழுந்தவரிடம், "அப்போதே தெரியும், நீ தேறமாட்டாய்" என்று யாரும் சொல்வதில்லை. மருத்துவரிடம் அழைத்துப் போகிறோம். இங்கும் செய்ய வேண்டியது அதுதான், அதையும் அன்றோ மறுநாளோ செய்துவிட வேண்டும், ஏனென்றால் ஒரு நாள் குடியைவிட அதற்குப் பின் வரும் அவமானம்தான் அவரை ஒரு மாதக் குடிக்குள் தள்ளுகிறது. மறுபரிசோதனைக்கு மருத்துவமனை சொன்ன தேதியைக் காலண்டரில் குறித்துவைப்பதும், அன்று காலை அவருடைய கடையை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்வதும், போய்வந்தவரிடம் "டாக்டர் என்ன சொன்னார்?" என்று சர்க்கரை நோயாளியிடம் கேட்கும் அதே குரலில் கேட்பதும் பக்கத்து வீட்டுக்காரரால்கூட முடிகிற உதவிகள்.